எதிர்ப்படும் நாயைப் படம் எடுப்பதும் இனம் கணிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாயைப் பார்த்த மாத்திரத்தில் ஏதாவது ஓர் இனப் பெயர் வாயில் வந்துவிடுகிறது. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் பெயருக்கு ஆதாரம் கிடைப்பதில்லை. கால் புல்லில் மறைந்திருக்கும், வால் வெட்டுப்பட்டிருக்கும், முகம் மட்டும் பெரிதாகத் தெரியும். கணிப்பு தவறுவதற்குப் பாதிக் காரணம் படம். மீதிக் காரணம், எல்லாவற்றுக்கும் முன்னால் நிறத்தைப் பார்க்கும் பழக்கம்.

எத்தனை படம் வேண்டும்? எந்தக் கோணத்தில்?

நான்கு படம் இருந்தால் பெரும்பாலும் போதும். முதலாவது, நாய் நான்கு காலிலும் நிற்கும்போது நேர் பக்கவாட்டில் எடுத்த முழு உடல். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை, பாதம் உட்பட எதுவும் வெட்டுப்படக் கூடாது. கால் நீளத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதம், நெஞ்சு எவ்வளவு இறங்கியிருக்கிறது, வயிறு எவ்வளவு ஒட்டியிருக்கிறது, முதுகு சமமா சரிவா என்பதெல்லாம் இதில்தான் தெரியும். ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால் இதையே எடுங்கள்.

இரண்டாவது, தலை மட்டும் பக்கவாட்டில். நெற்றியும் மூஞ்சியும் சேரும் இடத்தில், கண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதன் ஆழம் பெரிய துப்பு. கிரேஹவுண்டுக்கு அந்தப் பள்ளம் இல்லை என்றே சொல்லலாம். பாக்ஸருக்கு நெற்றி செங்குத்தாக எழும். மூக்கு நுனியிலிருந்து பள்ளம் வரை ஒரு நீளம், பள்ளத்திலிருந்து பின்மண்டை எலும்பு வரை ஒரு நீளம் என்று இரண்டையும் படத்திலேயே அளந்து ஒப்பிடலாம். பாக்ஸருக்கு இது 1:2 இருக்க வேண்டும் என்று அந்த இனத்தின் தர விதியே (இனம் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த எழுத்து விதி) சொல்கிறது.

மூன்றாவது, முகம் நேராக: காது எந்த உயரத்தில் முளைக்கிறது, மண்டை எவ்வளவு அகலம், கண் உருண்டையா பாதாம் வடிவமா என்பதற்கு. நான்காவது, வாலும் ரோமமும் கிட்டத்தில். வால் நாயின் மனநிலையோடு மாறும் என்பதால், அது இயல்பாக நடந்துபோகும்போது எடுத்த வாலைத்தான் நம்பலாம். பயந்த நாயின் சுருள்வாலும் கால் இடுக்கில் நேராகத் தொங்கும்.

செல்போனில் எடுத்தால் நாயின் மூக்கு மட்டும் பெரிதாக வருகிறதே?

செல்போனின் முக்கிய லென்ஸ் அகலக்கோண லென்ஸ். முகத்துக்கு அரை மீட்டரில் பிடித்தால் அருகில் உள்ள மூக்கு ஊதிப்போகும், தூரத்தில் உள்ள காதும் பின்னுடலும் சுருங்கும். அந்தப் படத்தை வைத்துக் கணித்தால் நீளமூஞ்சி நாயாகவும் சிற்றுடல் நாயாகவும் தோன்றும். நாய் அப்படி இருக்காது. மூன்று மீட்டராவது தள்ளி நின்று, 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாற்றி எடுங்கள். தூரத்தைக் கிட்டக் காட்டும் தனி டெலி லென்ஸ் இல்லாத போனில் தள்ளி நின்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் எல்லா நாயும் குட்டைக்கால் நாய்தான். லென்ஸ் நாயின் நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டும். குத்துக்காலிட்டு உட்காரலாம், அல்லது போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும், குனிய வேண்டியதுகூட இல்லை.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிடுங்கள். அது மென்பொருள் போடும் மங்கல் என்பதால் வால் நுனி, காது ரோமம், மீசை எல்லாவற்றையும் பின்னணியோடு சேர்த்துத் தின்றுவிடும். ரோமத்தை வழவழப்பாக்கும் 'அழகு' வடிகட்டிகளும் வேண்டாம்.

கேமராவில் என்ன அமைப்பு வைப்பது?

ஷட்டர் வேகம்தான் முதலில். நிற்கும் நாய்க்கு 1/250 நொடி, நடக்கும் நாய்க்கு 1/500, ஓடும் நாய்க்கு 1/1000 முதல் 1/2000 வரை. அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 4 முதல் எஃப் 5.6: இதைவிடத் திறந்தால் கண் கூர்மையாகவும் காது மங்கலாகவும் வரும். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) தானியங்கியில் விட்டு உச்சவரம்பு 3200 அல்லது 6400 வையுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, அசைவால் கலங்கிய படத்தை மீட்கவே முடியாது. ஃபோகஸ் தொடர் முறையில், விலங்குக் கண் கண்டறியும் வசதி இருந்தால் அதையும் போட்டு, தொடர்ச்சியாக ஐந்தாறு படம் தட்டுங்கள். பக்கவாட்டுப் படத்தில் நான்கு காலும் தனித்தனியாகத் தெரியும் நொடி மிகச் சிறியது. தொடர் படங்களில்தான் அது சிக்கும்.

கறுப்பு நாய் சாம்பலாக வருகிறது, வெள்ளை நாய் அழுக்காக வருகிறது. ஏன்?

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுப்பு நாய் படச்சட்டத்தை நிரப்பினால் 'இருட்டாக இருக்கிறது' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சம்) மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். வெள்ளை நாய் நிரப்பினால் அதே அளவு கூட்டுங்கள். ஆனால் வெயிலில் முதுகு ரோமம் வெந்து விவரம் அழிகிறதா என்று உடனே பாருங்கள்.

நாய் சட்டத்தில் சிறியதாக இருந்து பின்னணி வெளுப்பாக இருந்தால் கணக்கு தலைகீழ். வெயில் அடிக்கும் சுவருக்கு முன் நிற்கும் கறுப்பு நாய் வெறும் நிழலுருவாக வரும், அங்கே கூட்ட வேண்டும். செல்போனில் நாயின் உடலைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுக்கலாம்.

மேகமூட்டம் அல்லது கட்டட நிழல்தான் கறுப்பு நாய்க்கு நல்ல வெளிச்சம். மஞ்சள் தெருவிளக்கின் கீழ் எடுத்த படத்தில் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்: வெள்ளையும் சந்தனமும் வெளிர் செவலையும் அங்கே ஒன்றுதான்.

நாய் நிற்கவே மாட்டேன் என்கிறது. கேமராவைத் தூக்கினாலே போய்விடுகிறது.

நேராக அதை நோக்கி நடந்து, கண்ணைப் பார்த்து, பெரிய கறுப்பு வட்டத்தை அதன் முகத்துக்கு நீட்டினால் எந்த நாயும் விலகும். வளைந்து நடந்து, பக்கவாட்டாகத் திரும்பி நின்று, கேமராவை இடுப்பு உயரத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். நாய் உங்களை மறந்து தன் வேலைக்குத் திரும்பும். பக்கவாட்டுப் படம் அப்போது தானாகக் கிடைக்கும். சத்தம் ஒரே ஒரு முறைதான் பயன்படும்: நாக்கைச் சொடுக்கினால் காது நிமிர்ந்து தலை திரும்பும், அந்த நொடியில் எடுக்க வேண்டும். மூன்றாவது சொடுக்குக்கு எந்த நாயும் திரும்பாது. தின்பண்டம் காட்டி இழுக்க வேண்டாம். வளர்ப்பு நாய்க்கு எது ஒவ்வாது என்பது அதன் ஆளுக்குத்தான் தெரியும். தெருவில் கூட்டமாக இருக்கும் நாய்களுக்குள் ஒரு துண்டு உணவே சண்டை மூட்டும்.

ஃபிளாஷ் வேண்டாம். நாய்களின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருப்பதால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். கண் நிறம் என்ற தகவலே போய்விடும். நாயும் மிரளும்.

எவ்வளவு கிட்டப் போகலாம்? கடிக்குமா என்று எப்படித் தெரியும்?

தெரியாத நாயிடம் மூன்று மீட்டருக்குள் போகத் தேவையே இல்லை. லென்ஸ் மாற்றினால் போதும். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், கட்டிப் போட்டிருக்கும் நாய் ஆகிய நான்கையும் தூரத்திலிருந்துகூட நெருக்கடி செய்யாதீர்கள். கட்டியிருக்கும் நாய்க்கு விலகிப்போக வழி இல்லை. அதனால்தான் அது முன்னால் பாய்கிறது.

குரைப்பு மட்டும் எச்சரிக்கை அல்ல. அதற்கு முன்பே அறிகுறிகள் வரும்: உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடல் விறைத்து அசைவற்று நிற்பது. வால் ஆடுவதை நட்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடல் விறைத்து, உயர்த்திய வால் மட்டும் சின்னதாக ஆடினால் அது பதற்றம். விலகிவிடுங்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல், கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டாகத் திரும்பி நின்று மெல்லப் பின்வாங்குங்கள்.

கடித்தாலோ பல் கீறினாலோ, காயம் எவ்வளவு சிறியதானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் அறிகுறி தென்பட்ட பிறகு பிழைப்பது அரிதினும் அரிது. அதற்கு முன் போடும் ஊசிதான் உயிர் காக்கும். படத்துக்காக இதில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

சங்கிலியில் பிடித்துக்கொண்டு போகும் நாயை எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். "உங்க நாயை ஒரு படம் எடுத்துக்கலாமா? உங்க முகம் வராது" என்றால் பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். சங்கிலி இழுபடாமல் தளர்வாக இருக்கும்போது எடுக்க வேண்டும். இழுபட்டால் கழுத்தும் முதுகும் இயல்பு மாறித் தெரியும். இனம் என்ன என்று கடைசியில் கேளுங்கள், உங்கள் கணிப்பை மனதுக்குள் முடிவுசெய்த பிறகு. அப்போதுதான் கண் பழகும்.

கணிப்பை எங்கிருந்து தொடங்குவது?

உடல்வாகு, தலை, காதும் வாலும், ரோமம், கடைசியில் நிறம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உடல்வாகில் சில பெரிய குடும்பங்களை முதலில் பிரித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது. நீண்ட கால், ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, குறுகிய தலை என்றால் பார்வையால் வேட்டையாடும் ஓட்ட நாய். விறைத்த முக்கோணக் காது, முதுகின்மேல் சுருண்ட வால், அடர்ந்த இரட்டை ரோமம் என்றால் ஸ்பிட்ஸ். அகன்ற மண்டை, குட்டை மூஞ்சி, தொங்கும் உதடு, தடித்த எலும்பு என்றால் மாஸ்டிஃப் வகை. கண்ணுக்குக் கீழே முளைத்து நீளமாகத் தொங்கும் காது என்றால் மோப்ப வேட்டை நாய். நீண்ட உடலும் குட்டைக் காலும் சேர்ந்தால் டாக்ஸ்ஹுண்ட், பாசெட், கோர்கி வகை. 1911-இல் தொடங்கிய எஃப்சிஐ என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 350-க்கும் மேற்பட்ட இனங்களைப் பத்துக் குழுக்களாக வைத்திருக்கிறது. அந்தப் பிரிவும் ஏறக்குறைய இந்த உடல்வாகையும் வேலையையும் ஒட்டியதுதான். குழுவைச் சரியாகச் சொல்லி இனத்தைத் தவறவிட்டாலும் அது நல்ல கணிப்பு.

நிறம் ஏன் கடைசி? ஒரே நிறம் தொடர்பில்லாத எத்தனையோ நாய்களில் வரும். கறுப்பு உடலும், புருவத்திலும் காலிலும் செம்பழுப்புத் திட்டும் ராட்வைலருக்கும் டாபர்மேனுக்கும் உண்டு, டாக்ஸ்ஹுண்டுக்கும் உண்டு, எந்த இனமும் கலக்காத தெரு நாய்க்கும் உண்டு. இந்த நிற அமைப்பு ஒடுங்கு மரபணுவால் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளித்தெரியும் மரபணு) வருவதால், பல தலைமுறை மறைந்திருந்து திடீரென்று வெளிப்படும். நாக்கில் கருநீலப் புள்ளியும் நிறத்தைப் போலவே ஏமாற்றும். சௌசௌவுக்கு நாக்கு முழுவதும் கருநீலம். ஆனால் நாக்கில் புள்ளி மட்டும் உள்ள நாய்கள் எத்தனையோ இனங்களில் இருக்கின்றன. புள்ளியைப் பார்த்துச் சௌசௌ கலப்பு என்று எழுதாதீர்கள்.

காதும் வாலும்கூட ஏமாற்றலாம். டாபர்மேனின் காது இயல்பில் தொங்கும். நிமிர்ந்து நின்றால் அது வெட்டி நிறுத்தியது. வாலும் அதேபோல் நறுக்கப்பட்டிருக்கலாம். பல நாடுகளில் இது தடைசெய்யப்பட்ட செயல் என்பதால் தொங்கு காதும் நீள வாலும் கொண்ட டாபர்மேன், ராட்வைலர், பாக்ஸர்களைப் பார்க்கக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

படத்தை வைத்து உயரம் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பக்கத்தில் அளக்கக்கூடிய பொருள் ஒன்று இருந்தால். நாயின் உயரம் என்பது தலை உச்சி அல்ல. கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் உள்ள தோள்மேட்டிலிருந்து தரை வரை.

ஒரு கேட் தூணுக்குப் பக்கத்தில் நாய் நிற்கிறது என்று வையுங்கள். படத்தில் தோள்மேடு வரை 420 பிக்சல், தூண் 900 பிக்சல். நாய் போன பிறகு தூணை டேப்பால் அளந்தால் 120 செ.மீ. கணக்கு: 420 ÷ 900 × 120 = 56 செ.மீ. லாப்ரடார் ஆண் நாயின் தர உயரம் 56 முதல் 57 செ.மீ.

தூணும் நாயும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் மட்டுமே இது சரி. நாய் 5 மீட்டரிலும் தூண் 6 மீட்டரிலும் இருந்தால் தூண் 750 பிக்சலாகச் சுருங்கும்; அதே நாய் 67 செ.மீ. என்று வரும், அது ராட்வைலர் ஆணின் உயரம். ஒரு மீட்டர் இடைவெளி இனத்தையே மாற்றிவிடுகிறது. பொருளும் நாயின் பாதமும் தரையில் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். மூன்று செ.மீ. கூடக்குறைய வரும் என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி குழப்பும் ஜோடிகள் எவை? எதைப் பார்த்துப் பிரிப்பது?

ஜெர்மன் ஷெப்பர்டும் பெல்ஜியன் மாலினுவாவும்தான் முதலிடம். பக்கவாட்டுப் படத்தில் ஒரு பெட்டி வரைந்து பாருங்கள். மாலினுவாவின் உடல் ஏறக்குறையச் சதுரம்: நெஞ்சு முனையிலிருந்து பின்புறம் வரை உள்ள நீளமும் தோள்மேட்டு உயரமும் ஒன்று. ஷெப்பர்டுக்கு நீளம் உயரத்தைவிட 10 முதல் 17 சதவீதம் அதிகம். மாலினுவா எலும்பு மெலிந்தது, ரோமம் குட்டை, செவலை நிறத்தில் ரோம நுனி மட்டும் கறுப்பு, முகம் கறுப்பு.

ஹஸ்கியும் மாலமியூட்டும் அடுத்து. நீலக் கண் இருந்தால் ஹஸ்கி. மாலமியூட்டுக்குப் பழுப்புக் கண் மட்டுமே, நீலம் வந்தால் தர விதிப்படியே தகுதி இழக்கும். ஆனால் பழுப்புக் கண் இருந்தால் மாலமியூட் என்று திருப்பிச் சொல்ல முடியாது, ஹஸ்கிக்கும் பழுப்புக் கண் உண்டு. ஆண் ஹஸ்கி 60 செ.மீ.க்கு மேல் போகாது. ஆண் மாலமியூட் சுமார் 63.5 செ.மீ., எடையிலும் எலும்பிலும் பெரிய வேறுபாடு.

பொமரேனியன் என்று சொல்லப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை பொமரேனியன் அல்ல. பொமரேனியன் தோள்மேட்டில் 18 முதல் 24 செ.மீ. மட்டுமே. முழங்காலை எட்டும் வெள்ளைப் புசுபுசு நாய் இந்தியன் ஸ்பிட்ஸாகவோ பெரிய ஜெர்மன் ஸ்பிட்ஸாகவோ இருக்கும். இன்னும் பெரிதாக, வாய்க்கோடு மேல்நோக்கி வளைந்து இருந்தால் சாமொயெட்.

ஷீட்சூ, லாசா ஆப்சோ இரண்டையும் ரோமத்தை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். ஷீட்சூவுக்குக் கண் பெரிது, உருண்டை. மூஞ்சி மிகக் குட்டை. மூக்குமேல் ரோமம் மேல்நோக்கி வளரும். லாசாவின் மூஞ்சி நீளம், கண் நடுத்தரம், ரோமம் கண்மேல் விழும்.

கிரேஹவுண்ட், விப்பெட், இத்தாலியன் கிரேஹவுண்ட் மூன்றும் வடிவில் ஒன்றே, உயரம்தான் வேறு: ஆண் கிரேஹவுண்ட் 71 முதல் 76 செ.மீ., ஆண் விப்பெட் 47 முதல் 51, இத்தாலியன் 32 முதல் 38. அளவுக்குப் பொருள் இல்லாத படத்தில் இந்த மூன்றையும் பிரிக்க முயல்வது வீண். டாபர்மேன், மினியேச்சர் பின்ஷர் ஜோடிக்கும் இதே விதி. பக், பிரெஞ்சு புல்டாக்: பக்குக்கு மடிந்த காதும் சுருண்ட வாலும், பிரெஞ்சுக்கு வௌவால் காதும் குட்டை வாலும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை: பிரிப்பது எப்படி?

வெள்ளையாக இருக்கும் எல்லா உயர நாயும் ராஜபாளையம் ஆகிவிடாது. வெள்ளை ரோமத்தோடு இளஞ்சிவப்பு மூக்கும் இமை விளிம்பும், 65 முதல் 75 செ.மீ. உயரமும், கிரேஹவுண்டைவிடக் கனத்த தலையும் எலும்பும் சேர வேண்டும். மூக்கு கறுப்பாக இருந்தால் பெயர் சொல்லுமுன் நிதானியுங்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான ஓட்ட நாய்கள். இரண்டுக்கும் உடல்வாகு ஏறக்குறைய ஒன்றே; நிறத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்கிறார்கள். கறுப்பு உடலில் செம்பழுப்புத் திட்டு இருந்தால் கன்னி, சாம்பல், செவலை போன்ற ஒற்றை நிறமானால் சிப்பிப்பாறை. நிறத்தைக் கடைசியில் பார் என்ற விதிக்கு இது விலக்கு. அதனால்தான் உடல்வாகை உறுதிசெய்யாமல் இந்தப் பெயர்களைச் சொல்லக் கூடாது. கறுப்பும் செம்பழுப்புமான சாதாரணத் தெரு நாய் உடனே கன்னியாகிவிடும். வயிறு முதுகை நோக்கி நன்றாக ஏறியிருக்கிறதா, நெஞ்சு முழங்கை வரை இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டினியால் ஒட்டிய வயிறு வேறு: அதில் இடுப்பெலும்பு துருத்தும், தொடைத் தசை வற்றியிருக்கும். ஓட்ட நாய்க்குத் தொடை திரண்டு இருக்கும்.

கோம்பை இவற்றிலிருந்து தனி. செந்நிற உடல், கறுத்த மூஞ்சி, அகன்ற நெஞ்சு, கட்டுடல்.

தெரு நாய் என்ன இனம்?

பெரும்பாலும் எந்த இனமும் இல்லை. அதைக் குறையாக நினைக்க வேண்டாம். இன்று இனம் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பங்கு 19ஆம் நூற்றாண்டில், தேர்ந்தெடுத்துச் சேர்த்து, பதிவேட்டில் எழுதி, விதி வகுத்து உருவாக்கியவை. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் சங்கங்களான இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1873-இலும் அமெரிக்க கென்னல் கிளப் 1884-இலும்தான் தொடங்கின. அந்தப் பதிவேடுகளுக்குள் வராமல், தானாகவே துணை தேடிப் பெருகிவந்த நாய்கள் உலகெங்கும் இருக்கின்றன. நடுத்தர உயரம், குட்டை ரோமம், ஆப்பு வடிவத் தலை, நிமிர்ந்த அல்லது பாதி மடிந்த காது, மேல்நோக்கி வளைந்த வால் என்று பல நாடுகளில் ஒரே சாயலில் இருக்கும். இவை இனங்கள் கலந்து உண்டானவை அல்ல. பல நூற்றாண்டாக இனங்களாகப் பிரிக்கப்படாமலே இருந்தவை.

ஆகவே இந்தச் சாயலில் ஒரு நாயைப் பார்த்தால் "நாட்டு நாய்" என்று எழுதுங்கள். அது முழுமையான, சரியான விடை. காது நிமிர்ந்திருக்கிறது என்பதற்காக 'ஷெப்பர்ட் கலப்பு' என்றோ, மஞ்சளாக இருக்கிறது என்பதற்காக 'லாப்ரடார் கலப்பு' என்றோ ஒட்டுப் போட வேண்டாம்.

கலப்பு நாயின் பெற்றோரைப் பார்த்தே சொல்ல முடியுமா?

முதல் தலைமுறைக் கலப்பில் சில சமயம் முடியும். அதற்குமேல் பெரும்பாலும் முடியாது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஆய்வாளர்கள் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பசென்ஜி இன நாயையும் காக்கர் ஸ்பானியலையும் சேர்த்து வளர்த்து, 1965-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் காட்டிய குட்டிகளில் பல, பெற்றோர் இருவரில் எவரையும் நினைவூட்டவில்லை. அடுத்த தலைமுறையில் ஒரே ஈற்றுக் குட்டிகளே ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன.

ஏன் என்பதற்கு ரோமம் நல்ல எடுத்துக்காட்டு. 2009-இல் வெளியான ஆய்வு, நாய்களின் ரோம வகைகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று காட்டியது: ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, ஒன்று தாடி மீசைக்கு. நீள ரோமம் ஒடுங்கு பண்பு. கோல்டன் ரெட்ரீவரும் குட்டை ரோம நாட்டு நாயும் சேர்ந்தால் குட்டிகள் எல்லாமே குட்டை ரோமத்தோடு பிறக்கலாம். யாருக்கும் கோல்டன் நினைவே வராது. தாடி மீசை ஓங்கு பண்பு, அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளித்தெரியும். பூடில் வழியில் ஒரு பிரதி வந்தாலே குட்டிக்குத் தாடி முளைக்கும். குட்டைக்காலும் அப்படியே: டாக்ஸ்ஹுண்ட் போன்றவற்றில் ஒரு மரபணுவின் கூடுதல் நகல் இருக்கிறது, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலும் கால் குட்டையாகிவிடும். ஆக, குட்டைக்கால், தாடி மீசை போன்ற ஓங்கு பண்புகளைப் பார்த்தால் கொஞ்சம் துணிந்து சொல்லலாம். நிறம், ரோம நீளம் இவற்றை வைத்துத் துணியக் கூடாது.

குட்டியைப் பார்த்துச் சொல்லலாமா?

ஆறு மாதத்துக்கு முன் தவிர்ப்பது நல்லது. ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியின் காது தொங்கிக்கொண்டிருந்து பிறகுதான் நிமிரும். பல் முளைக்கும் நான்கு முதல் ஆறு மாதத்தில் நிமிர்ந்த காது திரும்ப விழுவதும் உண்டு. டால்மேஷியன் குட்டி புள்ளியில்லாமல் வெள்ளையாகப் பிறக்கிறது. யார்க்ஷயர் டெரியர் கறுப்பும் செம்பழுப்புமாகப் பிறந்து பிறகு நீலச்சாம்பலுக்கு மாறுகிறது. குட்டியாக இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இனப் பகுதியைக் காலியாக விடுங்கள்.

செயலியில் படம் போட்டால் இனம் சொல்கிறதே, நம்பலாமா?

தூய இன நாயை நல்ல பக்கவாட்டில் எடுத்திருந்தால் ஓரளவு நம்பலாம். நாட்டு நாய்க்கும் கலப்புக்கும் நம்ப வேண்டாம். இந்த மென்பொருள்கள் பெயரிட்ட இனப் படங்களைக் காட்டிப் பழக்கப்பட்டவை. ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் ஸ்டான்ஃபோர்டின் நாய்ப்படத் தொகுப்பில் 20,580 படங்கள், 120 வகைகள். ராஜபாளையம் அதில் இல்லை. பட்டியலில் இல்லாத நாயைக் காட்டினால், அப்படிப் பழகிய மென்பொருள் பட்டியலில் உள்ள எதையாவது சொல்லியாக வேண்டும். "இனம் இல்லை" என்ற பெட்டி பெரும்பாலும் அதற்குக் கிடையாது.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே நாயின் மூன்று படங்களைத் தனித்தனியாகப் போடுங்கள்: பக்கவாட்டு, முகம், நடக்கும்போது. மூன்றுக்கும் ஒரே இனம் வந்தால் அதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் வேறுவேறு என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பின்னணியை வெட்டிவிட்டு மறுபடி போட்டும் பாருங்கள். பனி, புல்வெளி, சோபா போன்றவைகூட விடையை நகர்த்தும்.

டிஎன்ஏ சோதனை?

வளர்ப்பு நாய்க்கு அதன் ஆள் விரும்பினால் செய்யலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து அனுப்புவார்கள். உணவும் மற்ற நாய்களின் எச்சிலும் மாதிரியைக் கெடுக்கும் என்பதால் தின்ற உடனேயோ ஒன்றாக விளையாடிய உடனேயோ எடுக்கக் கூடாது. ஒப்பிடும் தரவுத்தளத்தில் இல்லாத இனத்தை இந்தச் சோதனையும் சொல்லாது. நெருங்கிய வேறொன்றைச் சொல்லும்.

காது நுனி நேராக வெட்டுப்பட்டிருக்கிறது. சண்டைக் காயமா?

கோடு போல நேராகவோ 'வி' வடிவிலோ சுத்தமாக இருந்தால், பல இடங்களில் அது கருத்தடை செய்து விட்ட நாய்க்கான அடையாளம். சண்டையில் கிழிந்த காது ஒழுங்கற்று இருக்கும். எந்தப் பக்கக் காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே நாயை மறுபடி பார்க்கும்போது அடையாளம் காண உதவும்.

கணிப்பை எப்படி எழுதி வைப்பது?

பெயரை மட்டும் எழுதாமல் ஆதாரத்தையும் உறுதியின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். 'உறுதி', 'இருக்கலாம்', 'சாயல் மட்டும்' என்று மூன்று நிலை போதும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

"மாலை 5.40, நிழல். பெண். தோள்மேடு சுமார் 54 செ.மீ. (படிக்கட்டோடு ஒப்பிட்டது). உடல் நீளம் உயரத்தைவிடச் சற்று அதிகம். நெற்றிப் பள்ளம் நடுத்தரம், காது தொங்கல், வால் அடி தடித்து நுனி குறுகியது, விரிந்த ரோமம் இல்லை. வெளிர் மஞ்சள். லாப்ரடார்: இருக்கலாம். எதிராக: கால் மெலிவு, மண்டை குறுகல்."

எதிரான துப்பை எழுதுவதுதான் இதில் முக்கியம். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது பெயர் மாறலாம், கவனித்தது மாறாது. பெண்ணா ஆணா என்பதைக் கால் தூக்குவதை வைத்து முடிவுசெய்யாதீர்கள், பெண் நாய்களிலும் சில கால் தூக்கும்.

பகிரும்போது வீட்டு எண், வாகன எண், மனித முகம் தெரியாமல் வெட்டிவிடுங்கள். படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்குங்கள். விலை உயர்ந்த இன நாய் எந்த வாசலில் கட்டியிருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது திருட்டுக்கு வழி காட்டும். தெரு நாய்க்கும் இது பொருந்தும். நாய்களைப் பிடிக்காதவர்களும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள், எனவே குட்டிகள் இருக்கும் இடத்தைக் குறிப்பிடவே வேண்டாம்.